கடல் கடவுள் இல்ல மக்களே: சுற்றுச்சூழல் முகாம் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க கடற்கரையில சுற்றுச்சூழல் முகாம் நடத்துற பொறுப்பாளர்களுக்கும், அதுல ஓடியாடி வேலை பாக்குற தம்பி தங்கச்சிமாருக்கும், இயேசுவுக்கே புகழ்.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிடுதேன். தூத்தூர் பக்கத்துல ஒரு கடற்கரை ஊரு, மீன்பிடி குடும்பம், இருபது வருசத்துக்கு மேல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கேன். உங்க மேல எனக்கு கோவம் ஒண்ணும் கெடையாது. நீங்க வந்து எங்க கரையில அள்ளிக் கெட்டின பிளாஸ்டிக்கும் அறுந்த நைலான் வலையும் எத்தனை சாக்குன்னு பக்கத்துல நின்னு பாத்தவ நான். எங்க ஊரு ஆளுங்களே செய்யாம விட்ட வேலை அது, அதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆனா கடைசி நாள் காலையில பிள்ளைகளை எல்லாம் கிழக்க பாத்து வரிசையா நிக்க வச்சு, கையில ஒரு தாளைக் குடுத்து, இயற்கையே இறைவன், இயற்கையைத் தவிர வேற கடவுள் இல்லைன்னு மூணு தடவை சொல்ல வச்சீங்க பாருங்க, அதைப் பத்தித்தான் இந்த மடல். வழக்கமா சொல்ற காலை செபத்தை விட்டுட்டு அதுக்குப் பதிலா இதைச் சொன்னதா பிள்ளைக சொல்லிச்சு.

அந்தத் தாள் எனக்க அண்ணன் வீட்டுக்கும் போச்சு. அண்ணன்னா பெரியப்பா மவன், ஒக்கிப் புயல்ல போனவன், 2017 நவம்பர் கடைசியில தங்கலுக்கு, அதாவது பல நாளு கடல்லயே தங்கி மீன் பிடிக்க, போன படகு அது, இன்னைக்கு வரைக்கும் உடம்பு கூட கெடைக்கல. மவளுக்கு அப்ப மூணு வயசு தெகையல. இப்ப அவ உங்க முகாமுக்கு வந்த பிள்ளை. அடுக்களையில நின்னு அந்த வரியை மனப்பாடமா ஒப்பிச்சிட்டு இருந்திருக்கா, மைனி, அதாவது அண்ணன் பொண்டாட்டி, சாளை வெட்டிக்கிட்டு இருந்தவ கை அப்படியே நின்னு போச்சாம். திருப்பிச் சொல்லுன்னு சொன்னா, பிள்ளையும் சந்தோசமா திருப்பிச் சொல்லியிருக்கு. சாயங்காலம் மைனி அந்தத் தாளை மடிச்சு எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, "இது நம்ம வேதத்துல உள்ளதா பிள்ளே?"

இல்ல மைனின்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. எனக்குத்தான் ராத்திரி உறக்கம் வரல. ஒக்கிக்கு அப்புறம் ரெண்டு வருசம் அவ கடல் பக்கம் முகத்தைத் திருப்பினது கெடையாது, முன்வாசல் கடலைப் பாத்து இருக்குன்னு பின்வாசல் வழியாவே போய் வருவா. அப்புறம் மெதுவா மாறிச்சு, இப்ப கரைக்கு வந்து ஏலத்துல மீன் எடுத்து சந்தையில வித்துத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கா. அந்த மாத்தம் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன். கடலுக்கு அவ மேல பகையும் கெடையாது, பிரியமும் கெடையாது, அதுவும் அவளைப் போல ஒருத்தர் கையால படைக்கப்பட்ட ஒண்ணுதான்னு அவ நம்பினதாலதான் திரும்ப அது முன்னால நிக்க முடிஞ்சுது. இப்ப அவ பிள்ளையே அதைக் கடவுள்னு சொல்லுது. அப்ப என் புருசனைக் கொண்டு போனது கடவுளுக்க கைதானான்னு மைனி வாயைத் தெறந்து கேக்கல, ஆனா அந்தத் தாளை மடிச்சு வச்சிருந்த விதத்துலயே அது இருந்துச்சு.

நீங்க இதை யோசிச்சுச் செய்யலைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சண்டைக்கு வராம உக்காந்து எழுதுதேன்.

கடலைக் கடலம்மான்னு கூப்பிடுறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எனக்க பாட்டா கட்டுமரத்துல போன ஆளு. கரையில நின்னு தண்ணியைத் தொட்டு நெத்தியில சிலுவை போட்டுட்டுதான் மரத்தைத் தள்ளுவாரு. கடலம்மான்னுதான் சொல்லுவாரு, ஆனா அம்மான்னு சொல்றதும் ஆண்டவரேன்னு சொல்றதும் அவருக்கு ஒண்ணு இல்ல. சின்னப் பிள்ளையில நான் அவருகிட்ட கேட்டிருக்கேன், பாட்டா நீங்க கடலைக் கும்பிடுதீங்களான்னு. அவரு சொன்னது இது: "சோறு வெளம்புதவ அவ, அரிசி குடுத்தது அவ இல்ல பிள்ளே." அவ்ளோதான் அவருக்க இறையியல், எனக்கு அது இன்னும் போதும்.

ஜிபிஎஸ் வாரதுக்கு முன்னால கடலுக்கு அடியில பாரு, அதாவது மீனு கூடுற பாறைத் திட்டு, எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, கரையில தெரியுற ஒரு கோயில் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால தெரியுற மலை உச்சியையும் ஒரே நேருக்குக் கொண்டு வந்து பாப்பாங்க, அப்புறம் வேற பக்கத்துல வேற ரெண்டு அடையாளத்தையும் அதே மாதிரி, அந்த ரெண்டு நேரும் எங்க வெட்டுதோ அங்கதான் தூண்டில் எறங்கும். அந்த மலை இல்லைன்னா பொழப்பு இல்ல, மேகம் மறைச்சா அன்னைக்கு வீடு வந்து சேருறதே கஷ்டம். ஒவ்வொரு மலைக்கும் கடல்ல இருந்து பாக்குற ஆளு வச்ச பேரு தனியா இருக்கும், அவ்ளோ பிரியம். ஆனா எங்க ஆளுங்க யாரும் மலையோட நின்னுடல, மலையைப் பாத்தது வேற ஒண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். படைப்பைப் பத்தி நம்ம வேதம் சொல்றதும் எனக்கு இப்படித்தான் புரியுது. வானம் ஆண்டவருடைய மாட்சியைச் சொல்லுதுன்னு 19-ம் திருப்பாடல்ல வருதுல்ல, வானம் தன்னைப் பத்திச் சொல்லல.

கன்னியாகுமரி முனையில சித்ரா பௌர்ணமி அன்னைக்கு சாயங்காலம் நின்னு பாத்திருப்பீங்க. மேக்க சூரியன் எறங்கும், அதே நேரத்துல கிழக்க கடல்ல இருந்து நெலா ஏறும், கூட்டம் மொத்தமும் எங்க திரும்பிப் பாக்குறதுன்னு தெரியாம நிக்கும். நானும் நின்னிருக்கேன், கண்ணு நெறைஞ்சு போச்சு. இப்ப தொடக்கநூல் முதல் அதிகாரத்தை எடுத்து நாலாம் நாளைப் படிச்சுப் பாருங்க. அங்க சூரியன்ங்குற பேரும் இல்ல சந்திரன்ங்குற பேரும் இல்ல, பெரிய ஒளி, சின்ன ஒளி, அவ்ளோதான். ஏன்னா அதை எழுதின சனத்தைச் சுத்தி பாபிலோன்லயும் எகிப்துலயும் சூரியனும் நெலாவும் பெரிய தெய்வங்க, அதுகளுக்குக் கோயில், பூசாரி, ராசா எல்லாம் உண்டு. அடிமையா கெடந்த ஒரு சின்ன சனம் அதுங்களைப் பாத்து, நீங்க எங்களை ஆளுற தெய்வம் இல்ல, எங்க ஆண்டவர் ஏத்தி வச்ச வெளக்குன்னு எழுதி வச்சுது. இதுல நெலாவுக்க அழகு ஒரு பொட்டு கூட கொறையல, பயம்தான் போச்சு. கிரகணத்துக்கும் நல்ல நேரம் கெட்ட நேரத்துக்கும் பயந்து வாழ்ந்த வீடுகள்ல இந்தப் பயம் போறதுன்னா எவ்ளோ பெரிய விடுதலைன்னு நம்ம மாவட்டத்துல வயசானவங்ககிட்ட கேட்டா சொல்லுவாங்க.

சாலமோனின் ஞானம் 13-ம் அதிகாரத்தையும் படிங்க, கத்தோலிக்க விவிலியத்துல இருக்கும். நெருப்பு, காத்து, நட்சத்திரம், பெருவெள்ளம் இதையெல்லாம் தெய்வம்னு நெனச்சவங்களைப் பத்தி அங்க பேசுது. அதுங்களுக்க அழகுல மயங்கித்தான் அப்படி நெனச்சாங்கன்னா, இதையெல்லாம் உண்டாக்கினவர் எவ்ளோ மேலானவர்னு யோசிச்சிருக்கணுமேன்னு கேக்குது. கேட்டுட்டு உடனே எறங்கி வருது பாருங்க, இவங்க மேல குத்தம் கொறவுதான், கடவுளைத் தேடிப் போகும்போதே வழி தப்பியிருக்கலாம்னு. உங்க விசயத்துல எனக்க மனசும் அங்கதான் நிக்கி. (சிஎஸ்ஐங்குற புராட்டஸ்டன்ட் சபைப் பிள்ளைகளும் முகாமுக்கு வாராங்க, அவங்க வேதாகமத்துல இந்தப் புத்தகம் இருக்காது, அவங்க ரோமர் முதல் அதிகாரத்தைப் பாக்கலாம், ஆனா பவுல் இவ்ளோ மெதுவா சொல்ல மாட்டாரு.) புனித அகுஸ்தினாரும் தன்னுடைய வாழ்க்கையைப் பத்தி எழுதினதுல, பத்தாம் பாகத்துல, பூமிகிட்ட கேட்டேன், கடல்கிட்ட கேட்டேன், காத்துகிட்ட கேட்டேன், எல்லாமே நாங்க உன் கடவுள் இல்ல, எங்களுக்கு மேல தேடு, அவர்தான் எங்களைப் படைச்சார்னு சொல்லிச்சுன்னு எழுதியிருக்காரு. 1600 வருசத்துக்கு முன்னால ஆப்பிரிக்கக் கரையில ஒரு ஆயர் கேட்ட கேள்விக்கு கடல் சொன்ன பதிலை, நாம இன்னைக்கு அதே கடல் முன்னால பிள்ளைகளை நிக்க வச்சு மாத்திச் சொல்லிக் குடுக்கணுமா?

இப்ப ஒக்கிக்கு வாரேன், ஏன்னா எனக்கு இது புத்தக விசயம் இல்ல.

நவம்பர் 30 அது. இலங்கைப் பக்கம் உருவான காத்தழுத்தத் தாழ்வு சூடான கடல் மேல ரொம்ப வேகமா வலுத்து குமரிக்குத் தெக்க வந்து புயலா மாறிடிச்சு. ஆழ்கடலுக்குப் போய் பல நாளு ஆன போட்டுகளுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இல்ல. அந்த வாரம் பூரா எங்க ஊர்ல கரண்டு கெடையாது, ரப்பர் மரமும் வாழையும் உள்நாட்டுல விழுந்து கெடக்கு, கரையில பொம்பளைங்க மெழுகுவத்தியை வச்சுக்கிட்டு கோயில்லயே உக்காந்திருக்கோம். அப்ப ஒரு ராத்திரி நான் விவிலியத்தைத் தெறந்தா முதல் அரசர்கள் 19 வருது, இறைவாக்கினர் எலியா மலையில நிக்காரு, பாறையைப் பொளக்குற சுழல்காத்து அடிக்குது, ஆண்டவர் அந்தக் காத்துல இல்ல, அப்புறம் நிலநடுக்கம், அதுலயும் இல்ல, அப்புறம் தீ, அதுலயும் இல்ல, கடைசியில ஒரு மெல்லிய ஓசை. காத்துல ஆண்டவர் இல்லங்குற அந்த வரியைப் பத்து தடவை படிச்சிருப்பேன். அந்த வரி இல்லைன்னா நான் அந்த வாரத்தைத் தாண்டி வந்திருக்க மாட்டேன், உண்மையாத்தான் சொல்லுதேன்.

அப்புறம் டிசம்பர் 7-ந்தேதி, எட்டு ஊரு சனம் குழித்துறை ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போய் தண்டவாளத்துல உக்காந்தோம். கிழவிக, கைப்பிள்ளைக்காரிக, சாமியார்மாரு, கன்னியாஸ்திரிமாரு எல்லாரும். ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தோம். அங்க யாரும் கடலைத் திட்டல. எச்சரிக்கை ஏன் நேரத்துக்கு வரல, தேடுறதுக்கு ஏன் இன்னும் தூரம் போகல, எங்க ஆளுங்க உசிருக்கு வெலை கெடையாதான்னு மனுசங்களைப் பாத்துத்தான் கேட்டோம். ஏன் கேக்க முடிஞ்சுதுன்னா, கடல் ஒரு தெய்வம், அது கோவப்பட்டு எடுத்துக்கிட்டுன்னு நாங்க நெனக்கல. பேப்பர்ல போடுவாங்கல்ல, இயற்கைச் சீற்றம்னு. எனக்கு அந்த வார்த்தையே புடிக்காது. சீறுறதுக்கு அது யாரு? சீற்றம்னு எழுதிட்டா எல்லாரும் தப்பிச்சிடலாம், போட்டுக்கு சேட்டிலைட் போன் குடுக்காதவனும், எங்களைக் கணக்குலயே சேக்காதவனும். சாமி கோவப்பட்டா ஆபீசர் என்ன செய்வாருன்னு கேட்டுடலாம்.

இதே தப்பை நம்ம ஆளுங்களும் செஞ்சிருக்காங்க, அதையும் மறைக்கப்படாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் சுனாமியில போன பிறகு, பாவம் பெருகிப் போச்சு அதனால கடவுள் தண்டிச்சாருன்னு மைக்கைப் புடிச்சுப் பேசினவங்க உண்டு. பிள்ளையைப் புதைச்சிட்டு வந்து நிக்குற தாய் காதுல அது விழுந்துது. லூக்கா 13-ல சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டு பேரு செத்ததைப் பத்தி இயேசுவே பேசுதாரு, அவங்க மத்தவங்களை விட பெரிய குத்தவாளிங்கன்னா நெனக்கிறீங்க, இல்லைன்னு சொல்லுதாரு. இயற்கை தண்டிச்சிட்டு, பூமித்தாய் பழிவாங்கிட்டான்னு இப்ப உங்க தாள்ல இருக்குற அடுத்த வரியும் அந்த மைக் பேச்சும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. பழிவாங்குறதா இருந்தா மலையை உடைச்சு வித்தவன் வீட்டையில்ல அடிச்சிருக்கணும், கரையோரம் ஓலை வீட்டுல இருந்தவளை எதுக்கு?

நீங்க திருப்பிக் கேப்பீங்க, கடல் கடவுள் இல்லைன்னாலும் அதைப் படைச்சது கடவுள்தான, அப்ப அவரும் பொறுப்புதானன்னு. நியாயமான கேள்வி. மைனியும் கேட்டிருக்கா, நானும் கேட்டிருக்கேன், இன்னும் கேக்கேன். இதுக்கு ஒரு பதிலை எழுதி உங்க கையில குடுக்க எனக்குத் தெரியல, தெரியும்னு சொல்றவங்களை நான் நம்புறதும் இல்ல. ஆனா எனக்குக் கேக்க ஒரு ஆளு இருக்காரு. யோபு கேட்டாரு, திருப்பாடல்கள்ல எத்தனையோ எடத்துல ஏன் ஆண்டவரே எதுவரைக்கும் ஆண்டவரேன்னு கேள்விதான், சிலுவையில தொங்கின மகனே ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேட்டாரு. அலையைப் பாத்து ஏன்னு கேட்டா அலைதான் திரும்ப வரும். மைனி முதல் ஆறு மாசம் செபமே சொல்லல, கோயில்ல பின்னால உக்காந்து பீடத்தை மொறைச்சுப் பாத்துக்கிட்டே இருப்பா, எங்க பங்குச்சாமியாரு அவளை ஒண்ணும் சொல்லாதீங்கன்னுட்டாரு, அது செபந்தான்னு சொன்னாரு. மாற்கு 4-ல புயல் அடிக்கும்போது இயேசு படகுல பின்பக்கம் தலையணை வச்சு உறங்கிட்டு இருக்காரு, சீடங்க எழுப்பி, நாங்க சாகுறது உமக்குக் கவலை இல்லையான்னு கேக்காங்க. கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கல, அதே படகுலதான் இருந்தாரு, அதே தண்ணி அவரு மேலயும் அடிச்சுது. எங்க அண்ணன் போட்டுலயும் அவரு இருந்தாருன்னு நம்புதேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

இன்னொரு விசயம் இருக்கு, இது பிள்ளைகளை விட உங்களுக்கு, படிச்சவங்களுக்கு. இயற்கைதான் கடவுள்னா இயற்கையில நடக்குறது எல்லாம் கடவுளுக்க சட்டம்தான? கடல்ல பெரிய மீனு சின்ன மீனைத் திங்கும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, சூரை நெத்தோலியைத் திங்கலைன்னா சூரை இல்ல. ஆனா அதையே கரையில கொண்டு வந்தா? சுருக்குமடிங்குற பெரிய வளைப்பு வலைக்காரன் குஞ்சுமீனு வரைக்கும் வழிச்செடுத்துட்டு சின்ன வள்ளக்காரனைப் பட்டினி போட்டா, வலுத்தவன் வாழுவான் இதுதான் இயற்கைன்னு அவன் சொன்னா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? மனுசனும் இயற்கையில ஒரு பாகந்தான, அப்ப மலையடிவாரத்துல குன்றைக் கொடையுற ஜேசிபி ஓட்டுற கையும் கடவுளுக்க கையா? எல்லாமே கடவுள்னா, இது தப்புன்னு சொல்ல நிக்குற எடமே இல்லாமப் போயிடுது.

நம்ம மண்ணுலயே இதுக்குச் சாட்சி உண்டு. தெற்கு திருவிதாங்கூரா இருந்தப்ப, பிறப்புலயே ஒசத்தி தாழ்த்தி உண்டு, உலகம் அப்படித்தான் இயங்குதுன்னு நம்பின காலம், தாழ்ந்த சாதின்னு ஒதுக்கின பொம்பளைங்க மாராப்பு போடக்கூடாதுன்னு சட்டம் மாதிரி வச்சிருந்தாங்க. 1820-கள்ல கல்குளம் பக்கம் துணி போட்டுக்கிட்டு நடந்த பொம்பளைங்களை அடிச்சு, கிழிச்சு, சந்தையில அவமானப்படுத்தி, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீ வச்சு, 1859-ல ராஜா உத்தரவு போடுற வரைக்கும் அந்தப் போராட்டம் நடந்துது. அந்தப் பொம்பளைங்க கையில இருந்தது என்ன? நானும் கடவுளுடைய சாயல்ல படைக்கப்பட்டவங்குற ஒரு வரிதான். இயற்கையைப் பாத்து அந்த வரியைப் படிக்க முடியாது, இயற்கை யாரையும் சமம்னு சொல்றது இல்ல. மேல ஒருத்தர் இருந்துதான் சொல்லணும்.

சரி, கிறிஸ்தவங்க பூமிக்கு நல்லதா செஞ்சாங்கன்னு நீங்க கேட்டா எனக்குத் தலை குனியத்தான் முடியும். 1967-ல லின் வைட்னு ஒரு அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் இந்தச் சுற்றுச்சூழல் நாசத்துக்கே வேரு மேற்கத்திய கிறிஸ்தவம்தான்னு கட்டுரை எழுதினாரு, மண்ணுலகை ஆண்டு நடத்துங்கள்னு தொடக்கநூல்ல இருக்குல்ல அதை லைசென்ஸா எடுத்துக்கிட்டாங்கன்னு. முழுசா ஒத்துக்க மாட்டேன், ஆனா வலிக்குற எடத்துலதான் தொட்டிருக்காரு. நம்ம கதையையே எடுத்துக்கிடுங்க. திருவிழாவுக்கு ரோடு நெடுக பிளக்ஸ், தேர் போன மறுநாள் கரை பூரா டம்ளர், கோயிலை இடிச்சு இடிச்சுப் பெருசா கெட்ட எந்த மலைக்க கல்லு வந்துதுன்னு யாராவது கேட்டோமா? லாரி லாரியா நம்ம குன்றுங்க எல்லை தாண்டிப் போகுது, அதுல பேரம் பேசினவங்கள்ல ஞாயித்துக்கிழமை முன்வரிசையில இருக்குறவங்களும் உண்டு. அடுத்த அதிகாரத்துலயே, 2-ம் அதிகாரம் 15-ம் வசனத்துல, தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்தான் மனுசனை வச்சாருன்னு இருக்கு, அதை நாங்களும் ஒழுங்கா படிச்சுக் குடுக்கல. இது எங்க பாவம். நீங்க இயற்கையே கடவுள்னு சொல்லப் போனதுக்கு ஒரு காரணம் நாங்க படைப்புங்குற வார்த்தையை மறந்து போனதுதான்னு எனக்குத் தோணுது. ரெண்டு வார்த்தையையும் வாயில வச்சுப் பாருங்க. இயற்கைன்னா தானா இயங்குறது, அதுக்கு யாரும் வேண்டாம். படைப்புன்னு சொன்ன ஒடனே படைச்ச ஒருத்தர் அதுக்குள்ளயே வந்துடுதாரு, அவருகிட்ட கணக்கு சொல்ல வேண்டிய நாமளும் வந்துடுதோம்.

அதே லின் வைட் கடைசியில யாரைக் கைகாட்டினாருன்னா அசிசி பிரான்சிஸை. 1979-ல திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரையே சுற்றுச்சூழலுக்குப் பாதுகாவலரா அறிவிச்சாரு. உங்க முகாம் பேனர்லயும் அவரு படம்தான் இருந்துது. அவரு கடைசிக் காலத்துல நோயில கெடந்தப்ப, கண்ணு கிட்டத்தட்ட தெரியாத நெலமையில, இயற்றின பாட்டுல சூரியனை அண்ணன்னு சொல்லுதாரு, நெலாவைச் சகோதரின்னு, தண்ணியைச் சகோதரின்னு, பூமியைச் சகோதரியும் தாயும்னு சொல்லுதாரு, கடைசியில சாவைக் கூட சகோதரின்னு சொல்லுதாரு. ஆனா இவங்களைச் சொல்ற ஒவ்வொரு பத்தியும் என் ஆண்டவரே உமக்குப் புகழ்னு அவரைப் பாத்துத்தான் ஆரம்பிக்குது. அண்ணன் தங்கச்சின்னு சொல்லணும்னா ஒரே அப்பா இருக்கணும்ல? அப்பாவை எடுத்துட்டா அந்த ஒறவே போச்சு. அவரு பாட்டுல இருந்து பேரு எடுத்துத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல லௌதாத்தோ சி சுற்றுமடலை எழுதினாரு, உங்கள்ல பாதிப்பேரு அதை வச்சுத்தான் பேசுதீங்க. அதுல 78-ம் எண்ணைப் பாருங்க. இயற்கையை வியந்துக்கிட்டே அதை தெய்வமா பாக்குறதை நம்ம மரபு விட்டுது, அதனாலதான் அது மேல நமக்குப் பொறுப்பு இன்னும் கூடுதுன்னு சொல்லுதாரு. 90-ம் எண்ல பூமியை தெய்வமாக்குறதும் வேண்டாம், அது நொறுங்கக் கூடியது, அதைப் பாதுகாக்க வேண்டியிருக்குன்னு வருது. கடவுளுக்கு யாரும் காவல் இருக்க வேண்டாம், கடலுக்கு வேணும். மேற்குக் கரையில ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாளு விசைப்படகைக் கெட்டிப் போடுதோமே, மீனு முட்டை போட்டுப் பெருகட்டும்னு, வீட்டுல அடுப்பு எரியாட்டாலும் போடுதோமே, அதுதான் காக்குறது. கிள்ளியூர் தாலுக்காவுல 1144 ஹெக்டேர்ல தாதுமணல் எடுக்கப் போறாங்கன்னு கேட்டப்ப ஊரு ஊரா கூடி எதிர்த்தோம், மணல் சாமின்னா எதிர்த்தோம்? இது நமக்குத் தந்தது, நம்ம பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டியது, விக்க நமக்கு உரிமை இல்லைன்னுதான எதிர்த்தோம்.

பக்கத்து வீட்டு இந்து சகோதரங்களைப் பத்தி நான் இதுல ஒரு வார்த்தையும் சொல்லல. அவங்க நம்பிக்கையைப் பத்திப் பேச அவங்களுக்குத்தான் தகுதி, ஒக்கி நேரத்துல எங்க சனத்துக்குச் சோறு ஆக்கிக் கொண்டு வந்தவங்க அவங்க. எல்லா மதத்துப் பிள்ளைகளும் வாராங்க, அதனால பொதுவா இருக்கட்டும்னுதான் இயற்கையே இறைவன்னு போட்டோம்னு உங்கள்ல ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்புல சொன்னாரு. தம்பி, அது பொது இல்ல, அதுவும் ஒரு மதந்தான். எல்லாரும் சேந்து சுத்தம் செய்ய ஒரு மந்திரமும் வேண்டாம், சாக்கும் கையுறையும் போதும். அவங்கவங்க வீட்டு செபத்தை அவங்கவங்க சொல்லட்டும், நம்ம பிள்ளைக நம்ம செபத்தைச் சொல்லட்டும்.

அடுத்த முகாமுக்கு நான் கேக்குறது ஒண்ணுதான். அந்தத் தாளை மாத்துங்க. விடியக்காலம் அதே எடத்துல, அதே கிழக்க பாத்து பிள்ளைகளை நிக்க வைங்க, அதை விட்டுடாதீங்க, அது நல்ல விசயம். நம்ம பிள்ளைக கையில தானியேல் 3-ம் அதிகாரத்துல தீச்சூளைக்குள்ள நின்னு மூணு இளைஞர் பாடுற பாட்டைக் குடுங்க. கதிரவனே நிலாவே ஆண்டவரை வாழ்த்துங்கள், காத்தே மழையே வாழ்த்துங்கள், கடலே ஆறே வாழ்த்துங்கள், தண்ணியில நீந்துற எல்லாமே வாழ்த்துங்கள்னு ஒண்ணு ஒண்ணா பேரு சொல்லிக் கூப்பிடும் அது, பிள்ளைகளுக்கு ரொம்பப் புடிக்கும், நம்ம ஊரு மீனுங்க பேரையும் சேத்துக்கலாம், சாளையே அயிலையே சுறாவேன்னு. நான் வந்து சொல்லிக் குடுக்கேன். அந்த நேரத்துக்கு வலை பொத்துற பாட்டாமாரும் கரையில இருப்பாங்க, அவங்களையும் சேந்து பாடச் சொல்லலாம். மைனிகிட்டயும் கேட்டிருக்கேன், ஏலம் முடிஞ்சா வாரேன்னு சொல்லியிருக்கா.

அன்போட,
உங்க கரையில ஒரு மறைக்கல்வி டீச்சர்
கன்னியாகுமரி மாவட்டம்